புல் முளைத்த கூரை

நம் ஊர்ப்புறங்களில் மனம் வெந்த ஒரு கிழவி, தனக்குத் தீங்கிழைத்தவனைச் சபிக்கப் புகுந்தால், "உன் வீட்டில் எருக்கு முளைக்க!" என்பாள். சாபமிடுதல் தகாது என்று அறிந்தவளும், ஆற்றாமை மிகும்போது இதைச் சொல்லிவிடுவாள். மனிதன் நடமாடாத வீட்டில்தான் புல்லும் எருக்கும் முளைக்கும். ஆதலால் அச்சாபத்தின் பொருள், "உன் வீட்டில் மனிதர் இல்லாமற் போகட்டும்" என்பதேயாகும்.

அரபு மொழியில் ஐன், ரா, ஷீன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொற்களை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சாபம் நினைவுக்கு வரும். இறைவனின் அரியணையைக் குறிக்கும் 'அர்ஷ்' இவ்வேரினின்று வந்ததே. பாழடைந்த ஊர்கள் தம் கூரைகளின் மீதே சரிந்து கிடப்பதாகத் திருமறை கூறுமிடத்தில் வரும் 'உரூஷ்' என்ற சொல்லும், பந்தலில் படரவிட்ட தோட்டங்களைக் குறிக்கும் 'மஃரூஷாத்' என்ற சொல்லும் இதே வேரின. தேனீக்கு இறைவன் அறிவித்த செய்தியில், மலைகளையும் மரங்களையும் அடுத்து மனிதர் எழுப்பும் கட்டுமானங்களையும் அது வீடாக்கிக் கொள்ளுமாறு கூறப்படுகிறதே, அங்கும் இவ்வேரே வருகிறது. இடிந்து விழுந்த கூரைக்கும் கொடி படர்ந்த பந்தலுக்கும் ஒரே தாய்வேர் அமைந்திருப்பதை மாணவர்கள் வியப்பார்கள். நானும் பல ஆண்டுகள் வியந்ததுண்டு. ஆனால் கூரையின் மீது தோட்டம் அமைவதை என் கண்ணால் கண்டது 2025ஆம் ஆண்டில்தான். அதுவும் இங்கிலாந்து நாட்டில், ஷெஃபீல்டு நகரத்தில், என் மகனுடைய வீட்டுப் பின்புறத்தில்.

அந்நாட்டில் வீட்டுக்குப் பின்னால் சிறு தோட்டமும், தோட்டத்தின் மூலையில் மண்வெட்டி, மிதிவண்டி முதலியன வைக்க ஒரு மரக்கொட்டகையும் இருப்பது வழக்கம். 'ஷெட்' என்பார்கள். மகனுடைய கொட்டகை எட்டடி நீளம், ஆறடி அகலம். அதன் மேல் வேய்ந்திருந்த தார்த்தாள் முந்திய குளிர்காலத்துக் காற்றில் கிழிந்து, உள்ளே ஒழுகிற்று. புதிய தார்த்தாள் வாங்கி ஆணி அடித்தால் ஒரு பகலில் முடிந்திருக்கும். ஆனால் மருமகளுக்கு வேறு விருப்பம் இருந்தது. இரண்டாவது குழந்தை பிறந்து அவர் மாடி அறையிலேயே நாள்களைக் கழித்த காலத்தில், சன்னலைத் திறந்தால் கண்ணில் பட்டது அந்தக் கறுத்த கூரை ஒன்றுதான். தாய் வீடு ஏழு கடல் தாண்டி இருக்கப் பிள்ளைப்பேறு கண்ட பெண், பார்ப்பதற்குப் பசுமையாக ஏதேனும் வேண்டும் என்று கேட்டதில் மிகையொன்றும் இல்லை. அவருக்காக என் மகன் கூரை மேல் செடி வளர்ப்பதென்று முடிவு செய்திருந்தான். ரமலானும் பெருநாளும் கழிந்து, மதரஸாவில் நான் பெற்றிருந்த விடுப்பு ஷவ்வால் இறுதிவரை மீதமிருந்தது. கைக்கு வேலை கிடைத்ததே என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

கூரைக்கும் புல்லுக்கும் உள்ள உறவு நம் மார்க்க நூல்களை அறிந்தோர்க்குப் புதிதன்று. மக்கா வெற்றியின்போது அப்புனித எல்லையின் செடிகொடிகளை வெட்டலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த வேளையில், அவர்களுடைய சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்கள் 'இத்கிர்' என்னும் புல்லுக்கு மட்டும் விலக்கு வேண்டினார்கள். வீட்டுக் கூரைக்கும், கப்ருக்கும், கொல்லர் உலைக்கும் அது இன்றியமையாதது என்பதே காரணம். விலக்கும் அளிக்கப்பட்டது. நம் எலுமிச்சைப் புல்லின் இனத்தைச் சேர்ந்த மணமுள்ள புல் அது. கூரை மரங்களின் இடைவெளியில் அதைப் பரப்பி மேலே மண் பூசுவார்கள். உஹதுப் போரில் ஷஹீதான முஸ்அப் (ரலி) அவர்களின் கஃபன் துணி கால்வரை எட்டாமற் போக, பாதங்களை மூடியதும் அந்த இத்கிர் புல்தான். மதீனாவின் பள்ளிவாசலோ பேரீச்ச மட்டைகளால் வேயப்பட்டிருந்தது. ரமலானின் ஓர் இரவில் மழை ஒழுகி, நாயகம் அவர்களின் நெற்றியில் ஈரமண் ஒட்டியிருந்ததை அபூஸயீத் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒழுகும் கூரையைப் பற்றி நாம் படிக்கும் செய்திகளில் இத்தனை இன்பமானது பிறிதொன்றில்லை.

இனி வேலைக்கு வருவோம். கூரையில் செடி வளர்க்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது செடியை அன்று, எடையை. மூன்றங்குல உயரத்துக்கு மண் பரப்பிச் செடியும் வைத்தால், மழையில் ஊறிய நிலையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடை வரும். மகனுடைய கூரை சுமார் நாலரைச் சதுர மீட்டர். அப்படியானால் 450 கிலோ. ஏழு ஆள்கள் இரவும் பகலும் இறங்காமல் அக்கூரை மேல் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பனியும் பொழியும். கடையில் விற்கும் கொட்டகையின் மெல்லிய சட்டங்கள் தம் தார்த்தாளைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை; ஏழு ஆளைத் தாங்குவதற்கென்று அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன் பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எனவே பழைய கூரையைக் கழற்றிவிட்டு, கொட்டகையின் நான்கு மூலைக்கும் வெளியே நான்கங்குலக் கனத்தில் தூண்கள் நிறுத்தி, அவற்றின் மீது உத்திரம் வைத்து, பதினாறு அங்குலத்திற்கு ஒன்றாக ஆறுக்கு இரண்டு அங்குலச் சட்டங்களைக் குறுக்கே இட்டோம். கொட்டகைச் சுவருக்கு எடையில் பங்கில்லாமற் போயிற்று. அந்நாட்டில், வேலியை ஒட்டி இரண்டு மீட்டருக்குள் இருக்கும் கொட்டகை இரண்டரை மீட்டருக்கு மேல் உயருமானால் அரசின் இசைவு பெற வேண்டும். ஆகவே ஒவ்வோர் அங்குலமும் அளந்தே உயர்த்தப்பட்டது.

இந்தத் தச்சு வேலையை என் மகனால் தனியே செய்திருக்க இயலாது. அவன் கணினி முன் அமர்ந்து பழகியவன். பள்ளிவாசலில் அறிமுகமான யமன் நாட்டு அன்பர் ஒருவர் தம் கருவிகளோடு வந்து மூன்று நாள் உழைத்தார். ஷெஃபீல்டின் உருக்காலைகளில் வேலை செய்ய 1950களில் யமன் மக்கள் பலர் வந்து குடியேறினர். இவருடைய தந்தையாரும் அப்படி வந்தவரே. என்னுடைய அரபு ஏட்டில் கற்ற அரபு. அவருடையதோ ஸன்ஆவின் வீட்டு அரபு. நான் 'ஸக்ஃப்' என்று காஃபை அடிநாக்கிலிருந்து எடுத்து உச்சரிக்க, அவர் 'ஸக்ஃப்' என்பதன் நடுவெழுத்தை நம் 'கங்கை'யின் முதலெழுத்தைப் போல் ஒலித்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது ஆண்டுகள் இலக்கணம் படித்தவனை அவருடைய பத்து வயது மகள் திருத்திக்கொண்டிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யமனின் மலைநாட்டு வீடுகளில், மரங்களை அடுக்கிச் சுள்ளி பரப்பி, அதன் மேல் மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்திக் கூரை அமைப்பார்களாம். நீர் இறங்காதிருக்க, நீற்றிய சுண்ணாம்பையும் எரிமலைக் கற்பொடியையும் கலந்து நாட்கணக்கில் அடித்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, இறுதியில் விலங்குக் கொழுப்பைத் தடவுவார்கள். இதற்குக் 'கதாத்' என்று பெயர். ரதாஃ நகரில் 1504இல் எழுந்த ஆமிரிய்யா மதரஸா சிதைந்து கிடந்தபோது, ஸல்மா அல்ராதீ என்ற ஈராக்கிய அம்மையார் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் அதைச் செப்பனிட்டார். மறந்து போயிருந்த கதாத் கலையை அவ்வூர்க் கொத்தர்களே மீண்டும் கற்றுக் கைவரச் செய்தது அப்பணியின் பெரும் பயன். யமன் அன்பர் இதைச் சொல்லக் கேட்டபோது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாடை எனக்கு எங்கிருந்தோ வந்தது போலிருந்தது.

வேலை நடந்த இரண்டாம் நாள், பின்வாசற் படியில் அமர்ந்திருந்த என் இல்லாள் கேட்டாள்: "ஏங்க, ஊர்ல நம்ம மாடியில முளைச்ச புல்லைப் பிடுங்க ஆளில்லை. இங்க காசு குடுத்துப் புல்லை மேலே ஏத்துறீங்களே, இது நல்லதா?"

சகுனம் பார்ப்பது இஸ்லாத்தில் இல்லை என்று சொல்லி அவள் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அவள் சகுனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தஞ்சை மாவட்டத்தில் என் பாட்டனார் 1930களில் கட்டிய வீட்டைப் பற்றிக் கேட்டாள். 2019இல் என் தாயார் மறைந்தபின் அவ்வீடு பூட்டியே கிடந்தது. நான் வேற்றூரில் மதரஸா விடுதியில் குடியிருப்பவன். தம்பி வளைகுடாவில். தமக்கையரிருவரும் தத்தம் புகுந்த வீடுகளில். பொற்கொல்லன் தராசுபோல் பாகப்பிரிவினைச் சட்டத்தை மாணவர்க்கு அளந்து கற்பிப்பது என் தொழில். இந்தச் சொத்தில் கணக்கு மிக எளிது: மொத்தம் ஆறு பங்கு, ஆண்மக்களுக்கு இரண்டிரண்டு, பெண்மக்களுக்கு ஒவ்வொன்று. கணக்கு எளிதாக இருந்தென்ன? வீட்டை ஆறாக வெட்ட முடியுமா? விற்றாலன்றிப் பங்கு இல்லை. தாயார் உயிர் பிரிந்த அறையை விற்க மூத்த தமக்கைக்கு மனமில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

அந்த வீட்டின் மெத்தையை நினைத்துக்கொண்டேதான் நான் ஷெஃபீல்டில் வேலை செய்தேன். நம் பக்கத்துப் பழைய மச்சு எப்படி அமைந்தது என்பதை இன்றைய இளைஞர் அறியார். தேக்கு விட்டங்களின் மேல் குறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் சிறு செங்கற்களைக் குத்துக்குத்தாகச் சுண்ணாம்பில் நிறுத்துவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் அதை நாட்கணக்கில் அடித்துக் கெட்டிப்பார்கள். இறுதியில் தட்டோடு பதிப்பார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கடமை உண்டு. வெயிலை ஒன்று தடுக்கும், நீரை ஒன்று தடுக்கும், எடையை ஒன்று தாங்கும்.

மகனுடைய கூரையிலும் அதே முறைதான், பொருள்தான் வேறு. சட்டங்களின் மேல் பலகை, ஆறடிக்கு நான்கங்குலச் சரிவோடு. பலகை மேல் மூட்டில்லாத ஒரே விரிப்பாக ரப்பர். இதில் ஓர் ஆணி ஓட்டைகூட இருக்கலாகாது. விளிம்புகளில் அதைப் பாத்திரத்தின் வாய்போல் மேலே மடக்க வேண்டும். ரப்பரைக் கல் குத்தாதிருக்க மேலே தடித்த கம்பளித் துணி போன்ற ஒன்று. அதன் மேல் நீர் ஓடுவதற்கு முட்டைத்தட்டு வடிவில் ஒரு வடிகால் தகடு, மண் அதில் இறங்கி அடைக்காதிருக்க மெல்லிய வடிதுணி. பிறகுதான் மண். மண் என்கிறேனே தவிர, அது தோட்டத்து மண் அன்று. பெரும்பகுதி செங்கல் நொறுங்கல். சிறு பகுதி மக்கிய உரம். மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளியதும், "இது நம்ம மச்சு ஜல்லியல்லவா!" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். வளமான மண்ணை ஏன் இடக்கூடாது என்று கேட்டதற்கு, அது கனக்கும், நீரைப் பிடித்துவைத்து இறுகும், அதைவிட முக்கியமாகக் களைகள் அதில் கொழுத்து வளர்ந்து நாம் வைத்த செடியைக் கொன்றுவிடும் என்றார்கள். வறுமையில் வாழத் தெரிந்த செடிக்குச் செல்வம் பகையாம். நான்கு ஓரங்களிலும் நான்கங்குல அகலத்துக்கு மண்ணுக்குப் பதிலாகக் கூழாங்கல் இட்டோம். நீர் தங்காமல் வெளியேற அது வழி.

செடிகள் சுருட்டிய பாய்களாக வந்தன. வந்த அன்றே விரித்துவிட வேண்டும். சுருளாகக் கிடந்தால் உள்ளே வெப்பம் ஏறிப் பழுத்துவிடும். ஆறு வயதுப் பேரன் ஒரு சுருளைக் கட்டியணைத்துக்கொண்டு, "நன்னா, தொழுகைப் பாய் மாதிரி இருக்கு!" என்று ஓடிவந்தான். ஸீடம் என்னும் இனம் அது. தடித்த சிற்றிலைகளில் நீரைச் சேமித்துவைத்து, பாறை இடுக்கிலும் பிழைத்துக்கொள்வது. நம் ஊர் ரணகள்ளிக்கு நெருங்கிய உறவு.

இக்குடும்பத்துச் செடிகளின் வழக்கம் ஒன்றை அறிந்து நான் மிகவும் மகிழ்ந்தேன். ஏனைய செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை ஏற்கும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். வறட்சிக்கு வாழ்க்கைப்பட்ட இச்செடிகளோ பகலெல்லாம் கதவடைத்துக் கிடந்து, இரவில் திறந்து காற்றை வாங்கி, அதைப் புளிப்பாக மாற்றி இலைக்குள் சேமித்துவைக்கும். பொழுது விடிந்து ஒளி வந்ததும் அந்தச் சேமிப்பைக் கொண்டு உணவு சமைக்கும். 1810களில், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவர அறிஞர், ரணகள்ளி இலையை மென்று பார்த்து, காலையில் புளிப்பதும் பிற்பகலில் புளிப்பு நீங்கிவிடுவதும் கண்டு எழுதிவைத்தார். காரணம் துலங்கியது வெகுகாலம் கழித்து. இரவின் பிற்பகுதியில் எழுந்து நிற்போரின் பொருளை வீட்டில் எடுத்துரைக்க இனி எனக்கு ஓர் உவமை உண்டு.

அவ்வாண்டின் இளவேனில் இங்கிலாந்தில் வழக்கத்துக்கு மாறாக வறண்டிருந்தது. மழைநாடு என்று பெயர் பெற்ற இடத்தில், வேர் பிடிக்கும்வரை நாங்கள் மாலைதோறும் பூவாளியால் நீர் ஊற்ற வேண்டியதாயிற்று. ஏணியில் மகன், கீழே நான். அந்த மாலைப் பொழுதுகளில் ஒன்றில்தான் அவன், "அத்தா, ஊர் வீட்டை யார் பார்க்கிறது? வித்துப் பங்கு பிரிச்சிடலாமே" என்றான். அவன் குரலில் பணத்தாசை இல்லை. பூட்டிய வீட்டின் நினைவு அவனுக்கு ஒரு சுமையாயிருந்தது, அவ்வளவே. "உன் பெரிய மாமியிடம் நீயே கேள்" என்றேன். அவன் கேட்கவில்லை. பூவாளியை நிரப்பித் தருமாறு நீட்டினான்.

பேரனுக்கு நாஸிர் குஸ்ரவின் கதை சொன்னேன். 1047இல் எகிப்து சென்ற அப்பாரசீகப் பயணி, ஃபுஸ்தாத் நகரின் அடுக்குமாடி வீடுகளைக் கண்டு வியந்து, நம்பத்தகுந்த ஒருவர் சொல்லக் கேட்டதாக ஒரு செய்தியைத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஏழு மாடி வீட்டின் உச்சியில் ஒருவர் தோட்டம் அமைத்திருந்தாராம். கன்றுக்குட்டி ஒன்றை மேலே கொண்டுபோய் வளர்த்து, அது காளையானதும் நீர்ச்சக்கரத்தில் பூட்டி, கிணற்று நீரை இறைத்து, நாரத்தையும் வாழையும் பூச்செடிகளும் பயிரிட்டாராம். "அந்த மாடு அப்புறம் எப்படிக் கீழே வந்துச்சு நன்னா?" என்று பேரன் கேட்டான். மூன்று நாள் அதே கேள்விதான்.

இதைப் படிக்கும் அன்பர்கள் எவரேனும் உடனே மண்ணை அள்ளித் தம் மாடியில் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். நம் நாட்டு அடைமழையும் புழுக்கமும் ஸீடத்துக்கு ஆகாது, அழுகிவிடும். நம் பழைய மச்சுகளோ ஊறிய மண்ணின் எடையைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவையல்ல. குளிர்நாடுகளில் இது வழிவழி வந்த பழக்கம். நார்வே நாட்டார் பூர்ச்ச மரப் பட்டையை அடுக்கி அதன் மேல் புல்தரையைப் பரப்பினர். சூரிக் நகரின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் கூரையில் 1914இல் இட்ட மண்ணில் இன்றும் அரிய ஆர்க்கிட் மலர்கள் பூக்கின்றன. அவர்களுக்கும் களை பிடுங்கும் வேலை தீராது. மேப்பிள், பூர்ச்சம் முதலிய மரங்களின் விதைகள் காற்றில் வந்து விழுந்து முளைக்கும். ஆண்டுக்கு இருமுறையேனும் ஏறிப் பிடுங்காவிட்டால் வேர் கீழ்நோக்கி வழி தேடும். சிறு கொட்டகைக் கூரையொன்றால் உலகின் வெப்பம் தணிந்துவிடும் என்று விளம்பரம் செய்வோரையும் நான் நம்பவில்லை. மருமகள் சன்னலைத் திறந்தால் பச்சை தெரிகிறது. அது போதுமான காரணம்.

ஏப்ரல் முடிவில் ஊர் திரும்பினேன். மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வீட்டைத் திறந்து மெத்தைக்கு ஏறினேன். குப்பைமேனியும் நாயுருவியும் முளைத்துக் காய்ந்திருந்தன. அவை பெரிதல்ல, கையால் பிடுங்கலாம். கைப்பிடிச் சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு ஓர் அரசங்கன்று நின்றது. பறவை எச்சத்தில் வந்தது. அதை மேலோடு வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். தட்டோட்டைப் பெயர்த்து வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தைச் சுண்ணாம்பிட்டு மூட வேண்டும். சிமெண்டு அங்கே ஒட்டாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைந்து, எழுபது வயதை எட்டிய ஒருவரைக் கண்டுபிடித்தோம். கடுக்காய் எவ்வளவு வேண்டும் என்பதை அவர் எழுதிப் பார்க்காமலே சொன்னார்.

நிழற்படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் தன் தந்தையின் சொல்லை நினைவில் வைத்திருந்தான் போலும். அன்றிரவே மூத்த தமக்கையிடம் தொலைபேசியில் பேசியிருக்கிறான். என்ன பேசினான் என்பதை இருவரும் என்னிடம் கூறவில்லை. முஹர்ரம் மாதத்தில் நாங்கள் நால்வரும், தம்பி தொலைபேசி வழியாக, கலந்து பேசினோம். ஆறு பங்கும் இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதிக் கையொப்பமிட்டோம். விற்பனை இப்போது இல்லை. எங்கள் சிறிய தந்தையாரின் பேத்தி, கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்தவள், அங்கே குடியிருக்கட்டும் என்று தமக்கைதான் சொன்னார். கொத்தனார் கூலியை மகன் அனுப்பிவைத்தான். கூடவே ஒரு படமும் வந்தது. கொட்டகை மேல் ஸீடம் மஞ்சளும் வெண்மையுமாகப் பூத்திருக்கிறது. பூவுக்கு இரண்டாகத் தேனீ.

ஐப்பசி மழைக்கு முன் அவள் குடிவந்துவிட்டாள். வந்த வாரமே எனக்குத் தொலைபேசியில் பேசி, மெத்தையில் தொட்டி வைத்துக் கீரை போடலாமா பெரியத்தா என்று கேட்டாள். தொட்டி எத்தனை, எவ்வளவு பெரியவை என்று விசாரித்து, நீர் ஊற்றினால் ஒவ்வொன்றும் என்ன எடை வரும் என்று கணக்கிட்டு, நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, அடியில் செங்கல் கொடுத்து ஐந்து தொட்டி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆறு வைத்திருக்கிறாளாம்.